பழைய பிக்கப்பில் கேபின் சத்தம்: ஷீட் ஒட்டினால் குறையுமா?

களக்காட்டு வாழை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2009 மாடல் டீசல் பிக்கப். எந்தக் கம்பெனி என்று எழுதினால் கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கம்பெனிச் சண்டை தொடங்கிவிடும், அதனால் சொல்லவில்லை. முன்னால் பானெட், நாலு சிலிண்டர், ஒற்றைக் கேபின், பின்னால் இரும்புத் தொட்டி. ஏசி கிடையாது. எஞ்சின் வேலை போன வருடம்தான் பார்த்தது, இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம்தான் தாங்கவில்லை.

ஏத்தன், ரசகதலி வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடியுமுன் திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாங்குநேரியில் நாலுவழிச் சாலை ஏறி அறுபதைத் தொட்டதும் ‘கும்’மென்று ஒரு சத்தம் காதை அடைக்கிறது. எழுபதில் அது கொஞ்சம் அடங்கி, வேறொரு ஊளைச் சத்தம் வருகிறது. திரும்பும்போது வண்டி காலி. தொட்டி தடதடவென்று அடித்துக்கொண்டே வரும். மச்சானும் நானும் வண்டிக்குள் கத்திக் கத்திப் பேசிப் பழகிவிட்டோம். ஒருநாள் டீக்கடையில் இறங்கியும் அதே குரலில் பேச, கடைக்காரர் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்துவிட்டார். அதுகூடச் சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் இரைகிறதே, அதைத்தான் சிரித்துத் தள்ள முடியவில்லை.

திருநெல்வேலியில் கார் அலங்காரம் செய்கிற ஒரு கடையில் கேட்டேன். கதவு, தரை, கூரை, சீட்டுக்குப் பின்தகரம் எல்லா இடத்திலும் கறுப்பு ஷீட் ஒட்டித் தருவார்களாம். அவர்கள் சொன்ன தொகைக்கு இரண்டு புது டயர் போட்டுவிடலாம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டே போதும், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்கிறார். நிஜமாகவே ஒன்றுதானா? ஒட்டினால் சத்தம் குறையுமா? நாமே ஒட்டிக்கொள்ளலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


சேரை ராசா:

முட்டை அட்டை ஒட்டிப் பாருங்க அண்ணாச்சி. பாட்டு ரெக்கார்டிங் பண்ணுற ரூமுல அதைத்தான் சுவர் பூரா ஒட்டியிருப்பாங்க. செலவே இல்லை. கூரைக்கு தெர்மாகோல் வச்சு மேல ரெக்சின் அடிச்சா வேலை முடிஞ்சுது.


பாளை குஷன் கடை:

முதலில் முட்டை அட்டைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வெளியே இருக்கிற சத்தத்தை உள்ளே வராமல் தடுக்க, பொருளில் எடை வேண்டும். அட்டையிலும் இல்லை, தெர்மாகோலிலும் இல்லை. போதாததற்கு இரண்டும் நெருப்புப் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். டீசல் வண்டிக் கேபினில் அது தேவையா?

நான் பாளையங்கோட்டையில் சீட், ரெக்சின், கேபின் லைனிங் வேலை செய்கிறவன். நீங்கள் ஷீட் ஒட்டினால் என்னைப் போன்றவனுக்குத்தான் காசு. இருந்தாலும் சொல்கிறேன் தம்பி, உங்கள் வண்டிக்கு ஷீட் என்பது கடைசி வேலை.

ஏசி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பகலில் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்டுவீர்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது கதவில் தங்கத் தகடே ஒட்டினாலும் சத்தம் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு இருப்பது இரண்டு ஓட்டம். விடியுமுன் லோடோடு போகிறீர்கள். பனிக்குக் கண்ணாடி ஏறியிருக்கும், வாழைத்தாரும் சருகும் தொட்டியை அமுக்கிப் பிடித்திருக்கும். அந்த நேரத்தில் கேட்பது பெரும்பாலும் எஞ்சின். பகலில் காலியாக வருகிறீர்கள், கண்ணாடி இறங்கியிருக்கும். அப்போது கேட்பது காற்று, டயர், தொட்டி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஷீட்டைத் தலையில் கட்டுகிறார்கள் என்றால், கட்டுகிறவருக்கு வசதி.

சத்தம் பிறக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். அந்த ‘கும்’ நின்ற வண்டியிலேயே வந்தால் எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கட்டை), சைலன்சர், கேபின் புஷ் பக்கம் போக வேண்டும். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் எழுபதில் போய் நியூட்ரல் போட்டு உருட்டுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் நின்று பெடல் கல்லாகிவிடும். உருளும்போதும் ஊளை அப்படியே இருந்தால் டயர், வீல் பேரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், கிரவுன் (பின் அச்சிலிருக்கிற பல்சக்கரம்) என்று பின்னால் போங்கள். ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஒடிக்கும்போது ஊளை கூடிக் குறைந்தால் முதல் சந்தேகம் வீல் பேரிங் மேல். பின்டயர் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயராக இருந்தால் ஊளைதான் போடும், அதற்கு வைத்தியம் டயர் மாற்றும்போதுதான்.

இன்னொன்றைக் கட்டாயம் செய்து பாருங்கள். இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சின் பக்கம் நல்ல எல்இடி விளக்கு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கேபினுக்குள் விளக்கு வேண்டாம். தரை மேட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கிளட்ச் பெடலுக்கு மேலே தலையைக் குனிந்து டேஷ்போர்டுக்குக் கீழே பாருங்கள். ஸ்டியரிங் ராடு இறங்குகிற இடத்தைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் தெரியும். ஒயரிங் கட்டு நுழைகிற இடத்தில் குரோமெட் என்கிற ரப்பர் வளையம் காய்ந்து ஒரு பக்கம் விலகியிருக்கும். எப்போதோ ஹாரனோ டேப்போ மாட்டியவன் டிரில் போட்டுவிட்டு மூடாமல் போன ஓட்டையில் வெளிச்சம் ஊசி மாதிரி இறங்கும். கியர் ராடைச் சுற்றியிருக்கிற ரப்பர் பூட்டைத் தூக்கினால் கீழே ரோடே தெரிகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் வருகிற வழியில்தான் சத்தமும் சூடும் புகையும் வருகின்றன. இதையெல்லாம் குரோமெட்டும் பியூட்டைல் டேப்பும் வைத்து அடைக்க ஆகிற செலவு, அந்தக் கடைக்காரர் சொன்ன தொகையில் கால் தூசு.

கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்குக்கும் ஒரு வழி உண்டு. முகத்துக்குப் போடுகிற பவுடரை ரப்பர் மேல் சுற்றிலும் தடவி, கதவை ஒரு தடவை சாத்தித் திறங்கள். கதவுத் தகரத்தில் பவுடர்க் கோடு எங்கே அறுபட்டிருக்கிறதோ அங்கே ரப்பர் தொடவில்லை. பழைய வண்டியில் பெரும்பாலும் மேல் மூலை. புது பீடிங் போடுமுன் கதவு லாக்கை ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே தள்ளிப் பாருங்கள், பாதி வண்டிக்கு அதிலேயே சரியாகிவிடும்.

தார் ஷீட் விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர் சொன்னது தப்பு. ஏன் என்று அடுத்த தடவை எழுதுகிறேன், ஒரு சீட் வேலை காத்திருக்கிறது.


களக்காட்டு வாழை:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி ராத்திரி விளக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மச்சான் வெளியே நின்று விளக்கை ஆட்ட ஆட்ட, உள்ளே வானத்து நட்சத்திரம் எல்லாம் தெரிந்தது. கியர் பூட் கிழிந்து கிடக்கிறது, ஸ்டியரிங் ராடு ரப்பர் சுத்தமாகவே இல்லை.

நின்ற வண்டியிலும் ‘கும்’ வந்தது. மெக்கானிக்கிடம் காட்டியதில் இடது பக்க எஞ்சின் மவுண்டிங்கில் ரப்பர் தட்டை விட்டுக் கழன்று, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டு இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றியாகிவிட்டது. ஓட்டைகளையும் அடைத்தாயிற்று. ‘கும்’ முழுதாகப் போகவில்லை, ஆனால் இப்போது கேபினுக்குள் போன் பேச முடிகிறது (ஓட்டும்போது இல்லை, மச்சான் பேசுகிறான்). மிச்சம் இருப்பதற்கு ஷீட் ஒட்டலாமா? எங்கே தொடங்கட்டும்?


வள்ளியூர் காற்றாலை:

முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். சத்தமும் அதிர்வும் அளப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி, அதனால் நடுவில் நுழைகிறேன்.

அந்த ‘கும்’ ஏன் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது என்றால், நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கும். 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ். கேபினில் ஏதாவது ஒரு தகரம் அதே அதிர்வெண்ணில் ஆட விரும்பினால், எஞ்சின் அந்த ஆர்பிஎம்மைத் தொடும்போது அது முரசுத் தோல் மாதிரி கூடவே ஆடும். உங்கள் மாதிரி ஒற்றைக் கேபினில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய தட்டைத் தகரத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் நாலு மீட்டருக்கு மேல். ஒரு அங்குல ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. அந்தத் தடிமன் நன்றாக உறிஞ்சுவது சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ‘ஸ்ஸ்’ சத்தங்களைத்தான். ஃபோம் மட்டும் ஒட்டிவிட்டு ‘ஒன்றும் குறையவில்லையே’ என்று புலம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தாழ்ந்த சத்தத்துக்குத் தகரத்தின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். எடை இரண்டு மடங்கானால், கணக்குப்படி, கடந்து வருகிற சத்தம் 6 டெசிபல் வரை குறையும். காதுக்குப் ‘பாதியாகிவிட்டது’ என்று தோன்ற சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும்.

ஓட்டை அடைக்கச் சொன்ன அண்ணாச்சி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஒரு தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி 99 பங்கும் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

காதில் இரைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான என்ஐஓஎஸ்எச் பரிந்துரைக்கிற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. போனில் ஒரு டெசிபல் செயலி போட்டு, ஒரே இடம், ஒரே வேகம், ஒரே கியரில் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். போன் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வித்தியாசத்தைப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்து இருந்தால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டிவிடுவது நல்லது. இதற்கு ஷீட் மருந்தில்லை.

பகல் ஓட்டத்துக்கு ஒரு யோசனை. டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இடது பக்கக் கண்ணாடியை இறக்கி ஓட்டிப் பாருங்கள். நம் ஊர் டிரைவருக்கு அடி வாங்குவது வலது காது. ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு பக்கம் வந்தால் அதுவும் பலிக்காது. மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று வண்டியையே ஓரம் தள்ளும், அங்கே பேச்சை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள்.


பாளை குஷன் கடை:

காற்றாலைத் தம்பி கணக்காகச் சொல்லிவிட்டார். நான் கைவேலையைச் சொல்கிறேன்.

கடையில் ‘டேம்பிங் ஷீட்’ என்று விற்பது பியூட்டைல் ரப்பர், மேலே அலுமினியத் தகடு ஒட்டியது. சுமார் 2 மில்லி தடிமன். மொட்டைமாடி ஷீட் தார். ஒட்டிய அன்று இரண்டும் ஒன்று மாதிரித்தான் இருக்கும். கத்திரி வெயிலில் மூடிய வண்டி நிற்கும்போது கூரைத் தகரத்தில் கை வைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டில் தார் இளகும், நாறும், கூரையில் ஒட்டியிருந்தால் ஒருநாள் தலையில் இறங்கும். அந்த நாற்றம் சீட் துணியில் ஏறினால் லேசில் போகாது. காசு குறைவு என்றால் பியூட்டைலைக் குறைவாக வாங்குங்கள், தாருக்குப் போகாதீர்கள்.

குறைவாக என்றால் உண்மையிலேயே குறைவாகத்தான். எல்லா இடத்தையும் மூட வேண்டியதில்லை. தகரத்தின் பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை, நடுப்பகுதியில் ஒட்டினாலே ஆட்டம் அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று நீளமாக இழுக்கிற இடத்தில் ஒட்டுங்கள். ‘தட்’ என்று செத்த சத்தம் வந்ததும் நிறுத்திவிடலாம். மடிப்பு விழுந்த, வளைந்த தகரம் ஏற்கெனவே விறைப்பாக இருக்கும், அங்கே ஒட்டுவது வீண். சுவர் பூராவும் ஒட்டித் தருகிறேன் என்பவர் பாதி ஷீட்டை உங்கள் காசில் சும்மா ஒட்டுகிறார்.

சீட்டைக் கழற்றிப் பின்தகரத்தில் தொடங்குங்கள். அடுத்தது தரை, அப்புறம் கூரை. கதவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், பகலில் கண்ணாடி இறங்கியே இருக்கும் வண்டி இது. தரை மேட்டைத் தூக்கியதும் அடியில் பழைய கம்பளி நார் இருந்தால் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் பிழிந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். அதற்கடியில் துரு இருக்கும். அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காயவிட்டுத்தான் மேலே எதையும் போட வேண்டும். ஈரத்தின் மேல் ஷீட் ஒட்டினால் சத்தம் குறையும், தரையும் குறைந்துகொண்டே வரும்.

தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். காற்றோட்டமாகச் செய்யுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். ஷீட்டை வெயிலில் கொஞ்சம் வைத்து எடுத்தால் இணங்கி வரும். சின்ன ரோலர் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டுங்கள். அலுமினியத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டமாக ஒரு பூ வேலை இருக்கும். அது தேய்ந்து வழவழவென்று ஆகும்வரை உருட்ட வேண்டும். பூ தெரிகிற இடத்தில் ஷீட் தகரத்தைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உருட்டாமல் கையால் தடவிவிட்டு எழுந்துவிடுகிற பையன்களை என் கடையிலேயே கண்டித்திருக்கிறேன்.

தரையில் அதற்கு மேலே, ஏசி டக்ட் வேலைக்காரர்கள் குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டை விரியுங்கள். மூடிய துளை உள்ளது, தண்ணீர் குடிக்காது, எஞ்சின் சூட்டையும் தடுக்கும். அதற்கும் மேலே கனமான ரப்பர் மேட். மெத்தென்று ஒன்று, கனமாக ஒன்று என்று இரண்டு அடுக்கு சேரும்போதுதான் பாதத்துக்கடியில் வருகிற எஞ்சின் இரைச்சல் மட்டுப்படும். கூரையில் பியூட்டைலும் நைட்ரைலும் போதும், மழைச் சத்தமும் வெயிலும் சேர்ந்து குறையும்.

எஞ்சின் அறைக்குள், பானெட் அடியில் ஃபோம் ஒட்டாதீர்கள். வண்டிக்கென்று வருகிற தீப்பிடிக்காத லைனர் கிடைத்தால் கிளிப் போட்டு மாட்டுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் எதுவுமே வேண்டாம்.

தொட்டிக்கு என்னிடம் ஷீட் இல்லை, பழைய டியூப் இருக்கிறது. பின்கதவு கொண்டியும் சங்கிலியும் தொடுகிற இடமெல்லாம் டியூப்பைக் கீற்றாக வெட்டிச் சுற்றுங்கள். கீல் பின் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஒரு நூல் பருமனாகப் போட்டுக்கொள்ளுங்கள். பகல் சத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.


களக்காட்டு வாழை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, காற்றாலைக்காரருக்கும் நன்றி. இடது கண்ணாடி யோசனை நன்றாக வேலை செய்கிறது, மச்சானுக்குத்தான் கோபம். ஒரே ஒரு கேள்வி. ராதாபுரம் பக்கம் கல் கிரஷரில் பழைய கன்வேயர் பெல்ட் கழித்துப் போடுகிறார்கள், சல்லிசாகக் கிடைக்கும். தொட்டியில் விரிக்க வாங்குகிறேன். கேபின் தரையிலும் கனமான மேட்டுக்குப் பதில் அதையே போடலாமா?


பாளை குஷன் கடை:

தொட்டிக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது, வாழைத்தாரும் அடிபடாது. நாலு மூலையில் மட்டும் போல்ட் போடுங்கள், தண்ணீர் வடிகிற ஓட்டைகளுக்கு நேரே வெட்டிவிடுங்கள்.

கேபினுக்குள் எடைக்குக் குறைவிருக்காது, 10 மில்லி பெல்ட் சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவைத் தாண்டும். ஆனால் வளையாது, கியர் மேட்டில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும், வெயிலில் ரப்பர் வாடை தலைவலி கொடுக்கும். கால் வைக்கிற இரண்டு பள்ளத்துக்கும் மட்டும் அளவாக வெட்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் போட்டுவிட்டு எடுத்துப் போடுங்கள். ஆக்சிலேட்டர் பெடல் முழுதாக இறங்குகிறதா, மேட்டில் மாட்டாமல் திரும்பி வருகிறதா என்று வண்டியை எடுக்குமுன் காலால் மிதித்துப் பார்த்துவிடுங்கள். கிளட்ச்சுக்கும் அப்படியே.